வேப் கருவியை முதன்முறை கையில் எடுப்பவருக்கு: சிகரெட்டை விட நினைப்போருக்கான வழிகாட்டி

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழையவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் பட்டணத்தில், செம்பனைக் குலை வெட்டப் போகும் இளைஞர் முதல் லாரி ஓட்டும் நடுவயதுக்காரர் வரை பலருடைய சட்டைப் பையிலும் இப்போது ஒரு வேப் கருவி, அதாவது மின்சிகரெட், இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. நான் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் 22 ஆண்டுகள் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளனாக, வேலை செய்தவன். அதைவிட அதிக ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன். சிகரெட்டை விடுவதற்காக 14 மாதங்கள் வேப் கருவியைப் பயன்படுத்தி, பிறகு அதையும் நிறுத்தினேன். மின்சாரத்தோடு பழகிய கண்ணால் அந்தக் கருவியைப் பார்த்ததால் தெரிந்துகொண்டவற்றை, முதன்முறை கடைக்குப் போகப் போகிறவருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

இது யாருக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்து, விட முயன்று, விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்காக மட்டுமே இதை எழுதுகிறேன். சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைத் தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை. வேப்பில் உள்ள நிக்கோட்டினும் சிகரெட்டில் உள்ள நிக்கோட்டினும் ஒன்றுதான். பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. கருவுற்றிருக்கும் பெண்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இதிலிருந்து முற்றாக விலகியிருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. கடைக்குப் போவதற்கு முன்பு அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு ஒரு முறை போய்வாருங்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே எம்குவிட் என்ற பெயரில் புகை பிடிப்பதை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது. ஆலோசனை சொல்வார்கள், நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவற்றைப் பற்றியும் விளக்குவார்கள். அவற்றாலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படவில்லை.

கருவிக்குள் இருப்பவை

சிகரெட்டில் புகையிலை எரிகிறது. இழுக்கும் நேரத்தில் அதன் நுனி ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில்தான் பிறக்கின்றன. வேப் கருவியில் எதுவும் எரியக்கூடாது. ஒரு சிறிய கம்பிச் சுருள், அதாவது காயில், மின்சாரத்தால் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள பஞ்சு திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. சூட்டில் அந்தத் திரவம் ஆவியாகிறது. நாம் இழுப்பது அந்த ஆவியை. பேட்டரி, காயில், பஞ்சு, திரவம் நிற்கும் டேங்க், வாய்முனை ஆகிய ஐந்தும் இருந்தால் அது வேப் கருவி. மற்றவை எல்லாம் அலங்காரம்.

வீட்டில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் வரை அதன் கம்பி ஓர் அளவுக்கு மேல் சூடேறாது, ஏனென்றால் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் வற்றிய பிறகும் சுவிட்ச் போட்டிருந்தால் கம்பி கருகிப் போகும். வேப் காயிலும் அப்படியே. பஞ்சு நனைந்திருக்கும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பஞ்சு காய்ந்துவிட்டால் அது கருகத் தொடங்கும், திரவமும் அளவுக்கு மீறிச் சூடாகி ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். கருகிய வாடையும் தொண்டையைக் கீறும் சுவையும் வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். ஒழுங்காக இயங்கும் கருவியின் ஆவியும் வெறும் நீராவி அல்ல என்பதை மறக்க வேண்டாம்; நிக்கோட்டினோடு வேறு பல இரசாயனங்களும் நுண்ணிய உலோகத் துகள்களும் அதில் இருக்கக்கூடும். சிகரெட்டை முழுமையாக விடுபவருக்கு மட்டுமே இதனால் பயன் உண்டு. பகலில் வேப்பும் இரவில் சிகரெட்டுமாக இரண்டையும் வைத்துக்கொண்டிருந்தால் மாறியதாகவே ஆகாது.

எதை வாங்குவது

கடைகளில் மூன்று வகைக் கருவிகள் கிடைக்கின்றன. திரவம் தீர்ந்ததும் தூக்கி எறியும் கருவி முதல் வகை. உள்ளே என்ன திரவம் இருக்கிறது, எவ்வளவு நிக்கோட்டின் இருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்காது; நல்ல பேட்டரியும் அதோடு குப்பைக்குப் போகிறது. இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மூன்றாவது வகை, மோட் என்று சொல்லப்படும் பெரிய பெட்டி போன்ற கருவி. தனிப் பேட்டரிகளைப் போட்டு, 60, 80 வாட் என்று ஏற்றி, முகத்தையே மறைக்கும் அளவுக்கு ஆவி விடுவதற்காக அதை வாங்குகிறார்கள். சிகரெட்டை விட வந்தவருக்கு அது தேவையில்லை.

இடையில் இருப்பது பாட் வகை. பேட்டரி உள்ளேயே இருக்கும். மேலே 2 மில்லிலிட்டர் அளவு திரவம் பிடிக்கும் சிறு பாட், அதாவது கழற்றி மாட்டும் திரவக் கூடு, பொருந்தும். திரவத்தை நாமே ஊற்றிக்கொள்ளலாம். 0.8 அல்லது 1.0 ஓம் (மின்தடை அளவு) காயிலில், 10 முதல் 20 வாட்டுக்குள் வேலை செய்யும் பாட் கருவி சிகரெட்டைப் போலவே இறுக்கமான இழுப்பைத் தரும். புதியவர் இதை வாங்குவதே நல்லது. வாங்கும்போதே உதிரி பாட் அல்லது காயில் அதே கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவி மலிவாக இருந்து காயிலுக்காகக் கோலாலம்பூர் வரை போக வேண்டியிருந்தால் ஒரே மாதத்தில் பழைய சிகரெட் பெட்டி திரும்பி வந்துவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

852 ஆம் சட்டம், அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது குற்றம். இணையத்தில் விற்பதற்கும் தடை உண்டு. 2025 ஏப்ரல் முதல் கடைகளில் இவற்றைக் காட்சிக்கு வைக்கவும் கூடாது. எனவே மூடிய அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் அடையாள அட்டையைக் கேட்பதும் ஒழுங்கான கடைக்கு அறிகுறி. திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது 2023 மார்ச் 31 அன்று; வயதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததோ ஒன்றரை ஆண்டுகள் கழித்து. இடையிலிருந்த அந்தக் காலத்தில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் கடைக்குள் போய்வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஜொகூர், கிளந்தான் மாநிலங்களில் வேப் விற்பனைக்கு ஏற்கெனவே அனுமதி இல்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் திரங்கானு, பகாங், பெர்லிஸ் மாநிலங்களும் தடை செய்துவிட்டன. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போகிறவர் அங்குள்ள நிலையை விசாரித்துக்கொள்வது நல்லது.

கருவியில் சிரிம் என்ற தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். திரவப் புட்டியில் தயாரிப்பாளர் பெயர், நிக்கோட்டின் அளவு, காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டு, மூடி உடைக்கப்படாமல் இருக்க வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியையோ, நண்பரின் நண்பர் கொண்டுவந்து கொடுக்கும் பாட்டையோ வாங்கவே கூடாது. போதைப்பொருள் கலந்த திரவங்கள் நம் நாட்டில் பிடிபட்டு வருகின்றன. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த பாட்களால் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. சுவைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

திரவமும் நிக்கோட்டின் அளவும்

கடைக்காரர்கள் ‘ஃபிளேவர்’ என்று சொல்லும் திரவத்தில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: புரோப்பிலீன் கிளைகால், தாவரக் கிளிசரின், சுவையூட்டி, நிக்கோட்டின். முதல் இரண்டையும் புட்டியில் பிஜி, விஜி என்று குறித்திருப்பார்கள். பிஜி இளகலாக இருக்கும். தொண்டையில் சிகரெட் போன்ற பிடிப்பைத் தருவது அதுதான். விஜி பாகு போலத் தடித்திருக்கும். நிறைய ஆவி தரும். பாட் கருவியின் காயிலில் துளை சிறியது என்பதால் பாதிக்குப் பாதி கலந்த திரவமே அதற்கு ஏற்றது. விஜி எழுபது பங்கு உள்ள தடித்த திரவத்தை ஊற்றினால், பஞ்சு அதை உறிஞ்சி முடிப்பதற்குள் காயில் காய்ந்து கருகிவிடும். பலர் கருவியைக் குறை சொல்வார்கள். தவறு திரவத்தில் இருக்கும்.

புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது நிக்கோட்டின் அளவில்தான். நான் முதலில் போன கடையில், நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவன் என்று சொல்லியும், பெரிய மோட் கருவியையும் 3 மில்லிகிராம் (ஒரு மில்லிலிட்டரில் உள்ள நிக்கோட்டின் அளவு) திரவத்தையும் விற்றார்கள். அறை முழுவதும் ஆவி நிறைந்ததே தவிர என் உடல் கேட்ட நிக்கோட்டின் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையில், ஆலை வாசலுக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் சிகரெட் வாங்கிப் பற்ற வைத்தேன். இது எனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி ஓராண்டை வீணாக்கினேன். என் அக்காள் மகனுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 35 மில்லிகிராம் சால்ட் நிக்கோட்டின் திரவத்தை 0.2 ஓம் காயிலுள்ள பெரிய கருவியில் ஊற்றி நான்கைந்து முறை ஆழமாக இழுத்தான். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்தான். தலைசுற்றல் அடங்க மாலை வரை ஆகியது.

இரண்டுக்கும் காரணம் ஒன்று: கருவிக்கும் நிக்கோட்டின் அளவுக்கும் பொருத்தம் இல்லை. ஒரே இழுப்பில் நிறைய ஆவி தரும் கருவிக்குக் குறைந்த நிக்கோட்டினும், சிறிதளவே ஆவி தரும் பாட் கருவிக்குச் சற்றுக் கூடுதல் நிக்கோட்டினும் வேண்டும். சால்ட் நிக்கோட்டின் என்பது பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலம் சேர்த்து, தொண்டையை அரிக்காமல் செய்யப்பட்ட வகை. கூடுதல் அளவையும் தொண்டை உணராது என்பதே அதன் வசதி, அதுவே அதன் ஆபத்தும். நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர் பாட் கருவியில் 20 மில்லிகிராம் சால்ட் திரவத்தோடு தொடங்கலாம். குறைவாகப் பிடிப்பவருக்கு 10 அல்லது 12 போதும். அதற்கு மேல் போக வேண்டிய அவசியத்தை நான் கண்டதில்லை. தலை கனத்தாலோ குமட்டினாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கருவியைக் கீழே வைத்துவிடுங்கள்.

புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத, பூட்டிய இடத்தில் வையுங்கள். 20 மில்லிகிராம் திரவம் 15 மில்லிலிட்டர் இருந்தால் அதில் மொத்தம் 300 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. மாம்பழ வாசனையோடு இருக்கும் அதைக் குழந்தை ஒரு வாய் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதன்முறை நிரப்புதல்

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். காயில் தனியாக வரும் கருவியாக இருந்தால், புதிய காயிலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகளைப் பாருங்கள். உள்ளே பஞ்சு பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு திரவம் விடுங்கள். சொட்டு முதலில் முத்துப் போல மேலே நிற்கும். பிறகு மெல்ல உள்ளே இறங்கும். பஞ்சின் வெண்மை மங்கி, நனைந்த துணியின் நிறத்துக்கு மாறும். எல்லாத் துளைகளும் அப்படி மாறிய பின்பு காயிலைப் பாட் உள்ளே அழுத்திப் பொருத்துங்கள். பக்கத்திலுள்ள ரப்பர் அடைப்பைத் திறந்து, புட்டியின் மூக்கைச் சாய்த்து வைத்து, குறியிட்ட அளவுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, அடைப்பை அழுத்தி மூடுங்கள்.

இதன் பிறகு பத்து நிமிடம் கருவியைத் தொடவே கூடாது. பலருடைய காயில் முதல் நாளே கருகுவது இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காததால்தான். பாட்டின் ஓரத்தில் சிறு குமிழி ஒன்று எழுந்து மேலே போனால், திரவம் பஞ்சுக்குள் இறங்கி அதிலிருந்த காற்று வெளியே வந்துவிட்டது என்று அறியலாம். பின்னர் காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் வரம்பின் மிகக் குறைந்த அளவில் கருவியை வைத்து, மூன்று நான்கு விநாடி, சிகரெட்டைவிட மெதுவாக, முதலில் வாய்க்குள் இழுத்து, அதன்பின் மூச்சாக உள்ளே எடுங்கள். சிகரெட்டைப் போலச் சுள்ளென்று வேகமாக இழுத்தால் ஆவியோடு திரவமும் வாய்க்கு வரும். ஓர் இழுப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே அரை நிமிடமாவது விடுங்கள்.

காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை உழைக்கும். இனிப்பு அதிகமுள்ள திரவமானால் அதற்கும் குறைவு. திரவம் கருத்து, சுவை மங்கிக் கருகல் வாடை தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். பாட்டைக் கழற்றிப் பேட்டரித் தொடுமுனைகளில் கசிந்திருக்கும் ஈரத்தை உலர்ந்த பஞ்சால் வாரம் ஒருமுறை துடையுங்கள்.

பேட்டரி

ஆலையில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சக்தி அடைபட்டிருக்கும் எதையும் சாதாரணமாக நினைக்காதே என்பது. வேப் பேட்டரி லித்தியம் அயன் வகையைச் சேர்ந்தது. முழுவதும் சார்ஜ் ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட். ஓம் விதிப்படி வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஓடும் மின்சாரம் தெரியும். 1.0 ஓம் காயிலில் 4.2 ஆம்பியர், 0.2 ஓம் காயிலில் அதே பேட்டரியிலிருந்து 21 ஆம்பியர். ஒரு வீட்டுச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டின் வரம்பே 13 ஆம்பியர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், விரல் அளவுள்ள ஒரு பேட்டரியிடம் எவ்வளவு கேட்கிறோம் என்பது புரியும். கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இல்லாமல் பேட்டரியைக் காயிலோடு நேரே இணைக்கும் மெக்கானிக்கல் மோட் கருவிகளைப் புதியவர் தொடக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

தனிப் பேட்டரி போடும் கருவியை யாராவது கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் 18650 ஆக இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் டார்ச் விளக்குகளில் வரும் பேட்டரிகளில் 9900 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளும் மின்சார அளவு) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு பேட்டரியில் நல்ல தயாரிப்புகளே ஏறக்குறைய 3500 எம்ஏஎச்தான் தருகின்றன; 9900 என்று சொல்வது பொய்; அதைக் கருவியில் போடாதீர்கள். பேட்டரியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை, குறிப்பாக நேர்முனையின் விளிம்பை, நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரளவு கிழிந்து உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக்கூடாது, ஏனென்றால் உறைக்குக் கீழே உள்ள உலோக உடல் முழுவதும் எதிர்முனை. சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கும் கால்சட்டைப் பையில் தனிப் பேட்டரியைப் போட்டால் இரண்டு முனைகளும் இணைந்து தொடையிலேயே தீப்பிடிக்கக்கூடும். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

பாட் கருவிக்கு வேலை இன்னும் எளிது. அதோடு வந்த வயரில், கண்ணெதிரே சார்ஜ் செய்யுங்கள், ஏறியதும் கழற்றிவிடுங்கள். மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் வைத்துத் தூங்கிப் போகாதீர்கள். மதிய வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டும் மோட்டார் சைக்கிளின் முன்கூடையும் பேட்டரிக்கு ஆகாத இடங்கள்; அந்தச் சூட்டில் திரவமும் இளகிக் கசியும். மழையில் நனைந்த கருவியை உடனே சார்ஜில் போட வேண்டாம். உப்பிய கருவியையும், பயன்படுத்தாமலே சுடும் கருவியையும் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

எங்கே பிடிக்கலாம்

சிகரெட் பிடிக்கத் தடை உள்ள இடங்களில் வேப்புக்கும் தடை. உணவுக் கடை, கிளினிக், பள்ளி, பெட்ரோல் நிலையம் எல்லாம் இதில் அடங்கும். வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே 2018 முதல் கருவியை வைத்திருப்பதே குற்றம், எட்டோமிடேட் பாட் 2025 செப்டம்பர் முதல் போதைப்பொருளாகவே நடத்தப்படுகிறது. விமானத்தில் போகும்போது, பேட்டரி இருப்பதால், கருவியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

குறைத்து, நிறுத்தி, கருவியை அகற்றுதல்

மாறிய முதல் மாதத்தில் நிக்கோட்டினைக் குறைக்க அவசரப்பட வேண்டாம். சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருப்பதே அப்போது பெரிய வேலை. அதன் பிறகு நான் 20 மில்லிகிராமிலிருந்து 12க்கும், 12லிருந்து 6க்கும், கடைசியில் 3க்கும் இறங்கினேன். ஒவ்வோர் அளவிலும் ஏறக்குறைய மூன்று மாதம் நின்றேன். அளவைக் குறைத்ததும் அதிக முறை இழுக்கத் தோன்றும். அதனால் ஒரு வாரத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் செலவாகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து வந்தேன். அந்த எண் ஏறாமல் இருந்த பின்புதான் அடுத்த படி இறங்கினேன். விடியற்காலையில் எழுந்ததும் பிடிக்கும் முதல் இழுப்புதான் எனக்குக் கடைசி வரை விடாமல் இருந்தது. தேநீர் குடித்து முடிக்கும் வரை கருவியை மோட்டார் சைக்கிள் பெட்டியிலேயே பூட்டி வைத்து அதைத் தள்ளிப்போட்டேன். இந்தக் கட்டத்திலும் கிளினிக் ஆலோசகரைப் பார்க்கலாம். வேப்பை விடுவதற்கும் அவர்கள் உதவுகிறார்கள்.

வேலை முடிந்த கருவியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். நம் தோட்டங்களில் மாலை நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நெருப்பில் லித்தியம் பேட்டரி விழுந்தால் வெடித்துச் சிதறும், சுற்றிலும் நிற்பது பெரும்பாலும் பிள்ளைகள். பாட்டைக் கழற்றி, மிச்சத் திரவத்தைப் பழைய துணியில் ஒற்றி மூடி எறியுங்கள். தனிப் பேட்டரியானால் இரண்டு முனைகளிலும் வயரிங் டேப்பை ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் தொட்டி உள்ள இடத்துக்குப் போகும்போது போட்டுவிடுங்கள். அதுவரை ஒரு கண்ணாடி ஜாடியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருங்கள்.